நோட்டீஸில் விட்டுப்போன பெயர்

பாலாநகரில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் சிவப்புக் கோடு போட்டபோது எனக்கு ஒன்பது வயது. சாலையை அகலப்படுத்துவதற்காக அளக்க வந்தவர் டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் அரசாங்கம், இந்தப் பக்கம் நாங்கள். அத்தையின் தையல் மெஷின் அரசாங்கத்துக்குள் இருந்தது. இனி தைப்பதற்கு அத்தை யாரிடம் அனுமதி கேட்பாள் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கணவர் இறந்தபின் தாத்தா வீட்டுக்கே திரும்பி வந்து, முன்னறையில் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். தாத்தா உயில் எதுவும் எழுதாமலே போய்விட்டார்.

சில மாதங்களில் நோட்டீஸ் வந்தது. அப்பா படித்துவிட்டு மடித்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். "முன்ரூம் போயிடும்க்கா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அத்தை அதை என்னிடம் நீட்டினாள். எங்களுடையது தெலுங்கு ஊர் என்பதால் நோட்டீஸ் தெலுங்கில் இருந்தது. அத்தை தெலுங்கு நன்றாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. பள்ளியில் படித்ததால் எனக்கு எழுத்து தெரியும், சர்க்கார் வார்த்தைகள் புரியாது. நான் புரியாமல் படித்தேன். அவள் படிக்காமல் புரிந்துகொண்டாள்.

"வீட்டு ஓனர் பேரு எங்க போட்டிருக்கு?"

"இங்க. அப்பா பேரு."

"அப்புறம்?"

"அவ்ளோதான் அத்தை."

"இன்னொரு வாட்டி பாரு."

பார்த்தேன். கீழே 'அப்யந்தராலு' என்று ஒரு நீளமான சொல். அப்படியென்றால் ஆட்சேபம், குறித்த நாளுக்குள் போய்ச் சொல்லலாம் என்றாள் அத்தை.

"கவர்மெண்ட் எடுக்கறதுன்னாலும் நம்மள கேட்டுதான் எடுக்கணுமா?"

"ஹவ், ஆமா. கேக்கணும். யாரோட வீடுன்னு தெரிஞ்சிக்கிட்டு எடுக்கணும்."

அவள் சொல்லச் சொல்ல மனுவை என் கையெழுத்திலேயே தெலுங்கில் எழுதினேன். தாத்தாவின் வீட்டுப் பத்திர நகல், இறப்புச் சான்றிதழ், தாத்தா பெயர் போட்ட தன் பழைய பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் என்னையும் சர்க்கார் ஆபீஸுக்குக் கூட்டிப் போனாள். அதிகாரி என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்தார். "ரோடு வேணாங்கறீங்களாம்மா?" என்று தெலுங்கில் கேட்டார்.

அத்தையும் தெலுங்கிலேயே சொன்னாள்: "ரோடு போடுங்க சார். இது எங்கப்பா வீடு. நானும் அவர் பொண்ணுதான். அத எழுதிக்கிட்டு எடுங்க."

அவர் சிரிப்பை நிறுத்தி, மனுவை வாங்கி, ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் வாசலுக்கே ஓடினேன். "அப்பா, கவர்மெண்ட்ல அத்தை பேர எழுத மறந்துட்டாங்க! நாங்க போய்ச் சரி பண்ணிட்டோம்!"

அப்பா ஒரு ஷூவைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல் நின்றார். அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மணி ஆறுகூட ஆகியிருக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"நீ எங்கிட்ட கேட்டியாடா?" அத்தை மெஷினை நிறுத்தவில்லை.

பெயர் சேர்ந்தது. முன்னறை இடிந்தது. அத்தை இழப்பீட்டில் தன் பங்கை வைத்து மௌலா அலியில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனாள். அந்த வீட்டுக்கு அப்பா போக இரண்டு தீபாவளி கழிய வேண்டியிருந்தது. தாத்தா வீட்டுக்கு அவளும் சொந்தக்காரி என்று சொல்லும் ஒரே காகிதம், அந்த வீட்டின் முன்னறையை எடுத்துக்கொண்ட காகிதம்தான்.

அப்போது எனக்கு அரசாங்கத்தின்மேல்தான் கோபம். ஒரு வீட்டு மனிதர்களின் பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதா என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அந்தப் பெயரை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.