பொன்னம்மையின் திரைச்சீலை

தங்கச்சி பொன்னம்மை போய்விட்டாள் என்ற செய்தியைத் தோணிக்காரர் கொண்டுவந்தபோது நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தோடு எழுந்து ஓட மனம் வரவில்லை. மிச்சத்தையும் மழித்து, சால்வையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டுதான் தோணியேறினேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாதவர்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அவள் என் சின்னம்மாவின் மகள். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் நானும் எழுதவேண்டும் என்று அவளுடைய ஒரே மகள் வள்ளியம்மை கேட்டாள். "அம்மாவ நல்லா அறிஞ்ச ஆள் நீங்கதானே மாமா" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். இந்தக் கல்வெட்டைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவளுடைய வீட்டில் சோறு தின்றவர்கள். நான் அவளுடைய மானத்தையே தின்றவன்.

வள்ளிக்குச் சிறு வயதில் இழுப்பு. வாவியின் ஈரக்காற்றுப் பட்டால் மூச்சு முட்டும். பள்ளிக்கூடமோ தோணியில் போகவேண்டிய அக்கரையில் இருந்தது. அங்கே தலைமை வாத்தியார் நான். புருஷன் வயல் வட்டையிலேயே கிடந்து வேளாண்மை பார்த்ததால், பொன்னம்மை தனியாக வீட்டிலேயே பிள்ளைக்குப் படிப்பிக்கத் தொடங்கினாள். அவளே ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாத்தியாரின் தங்கச்சி பிள்ளையே பள்ளிக்கு வரவில்லையென்றால் மற்றவர்கள் ஏன் அனுப்பப்போகிறார்கள் என்று எனக்கு எரிச்சல். பிள்ளையின் மூச்சைவிட, வரவு பதியும் என் இடாப்புப் பெரிதாகத் தெரிந்த காலம் அது.

ஒரு நாள் போனேன். தாயும் மகளும் ஈரமணலில் குந்தியிருந்தார்கள். வளையைச் சுற்றி நண்டு உருட்டிப் போட்டிருந்த மணல் உருண்டைகளைத் தொடர்ந்து, பிள்ளை மட்டிச் சிப்பியால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் அதே சிப்பிகளை அடுக்கி 'அ' எழுதினாள். நாவற்பழச் சாறு, மஞ்சள், அடுப்புக்கரி எல்லாம் நிறம் தீட்டுவதற்குச் சிரட்டைகளில் இருந்தன. ஆவாரம்பூவைப் பறிக்கப் போன பிள்ளையைப் பொன்னம்மை தடுத்தாள். "பறிச்சா வாடிரும்கா. இருந்த இடத்துல வச்சுக் கும்பிட்டிட்டு, பாத்துக் கீறு." எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் நான் ஆவாரம்பூவைக் கரும்பலகையில் கீறித்தான் காட்டுவேன். அதுவும் தாமரை மாதிரித்தான் வரும்.

வேலிக்கரையில் அவர்கள் ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். கண்டல் குச்சிச் சுவர், கிடுகுக் கூரை, முன்னால் பிள்ளை தானே மயில் கீறிய ஒரு துண்டுச் சீலை. மண்டூர்க் கோயிலைப் பார்த்துச் செய்தது. அங்கே வாய்கட்டித்தான் பூசை, திரை விலகுவதில்லை, உள்ளே இருப்பதைக் கும்பிடுகிற எவரும் கண்டதில்லை. இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வள்ளி வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் பூ வைத்தாள். ஐந்து வயசுப் பிள்ளை அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை என் வகுப்பில் நான் கண்டதில்லை.

"உள்ளுக்குள்ள என்ன வச்சிரிக்காய்?" என்று கேட்டேன்.

பிள்ளை தாயைப் பார்த்தாள். "உள்ளுக்கு இரிக்கிறவர நம்மளால செய்ய ஏலா அண்ணன்" என்றாள் பொன்னம்மை. "திரையத்தான் நாம செய்யலாம்."

என் கையில் பிரம்பு இருந்தது. அதன் நுனியால் சீலையைத் தூக்கினேன். உள்ளே வெறும் மண். "ஒண்டுமில்லையே!" என்று சொல்லிச் சிரித்தேன். பிள்ளை வாய்த்துணியை அவிழ்த்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அந்த முகம் சுண்டிப்போனதைக் கண்டும், அடுத்த தவணைக்குப் பள்ளிக்கு அனுப்பு என்று தாய்க்குப் புத்தி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வருஷத் திருவிழாவில் எல்லோரும் மண்டூருக்குப் போனோம். நான் பெரியவர்களோடு முன்வரிசையில் நின்றேன். பூசை நடந்துகொண்டிருந்தது. மணி ஓய்ந்த ஒரு கணத்தில் வள்ளியின் குரல் தெளிவாகக் கேட்டது: "அம்மா, உள்ளுக்குள்ள ஒண்டுமில்லை. வெறும் மண்தான்."

எத்தனை தலைகள் திரும்பின என்று நான் சொல்லத் தேவையில்லை. பூசை முடிந்ததும் வெளிவீதியில் வைத்துப் பொன்னம்மையை உலுப்பி எடுத்தார்கள். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்து இதையா பழக்கினாய் என்று ஒருவர் கேட்டார். சாமியை மண் என்று சொல்லவைத்தவள் என்றாள் ஒரு மனுசி. பொன்னம்மை நிமிர்ந்து என்னை ஒரே ஒருதரம் பார்த்தாள். நான் சால்வையைச் சரிசெய்தேன். அவள் தலையைக் குனிந்து, "என்ட பிழதான்" என்றாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதுமாயிருந்தது. சொல்லவில்லை. அடுத்த தவணையே வள்ளி தோணியேறி, மூச்சு இழுக்க இழுக்க என் பள்ளிக்கு வந்தாள். இடாப்பில் அவள் பெயரை நானே எழுதினேன். கெட்டிக்காரப் பிள்ளை, எல்லாம் படித்தாள். ஆனால் ஒரு பூக்கூடக் கீறவில்லை. கீறச் சொன்னால், "எனக்குத் தெரியா" என்பாள். பொன்னம்மை வழக்கம்போல எனக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க இருபது வருஷம் இருந்தது. நேரம் வரட்டும் என்று இருந்தேன். இப்போது அவளே இல்லை.

இதையெல்லாம் மூடிவிட்டு, கைப்பக்குவம், விருந்தோம்பல் என்று நாலு வரி எழுதி முடிக்கத்தான் நினைத்திருந்தேன். போன கிழமை வள்ளி மறுபடி வந்தாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். "மாமா, ஒண்ட மட்டும் எழுதிராதங்க" என்றாள். "சின்ன வயசுல கோயில்ல வச்சு அம்மாவ வெக்கப்படுத்தினவள் நான். அதால இண்டைக்கும் மண்டூருக்குப் போனா வெளிவீதியிலதான் நிப்பன். திரைக்குக் கிட்டப் போக மனம் வராது."

"உள்ளுக்குள்ள ஒண்டுமில்லையெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்கு நினைவில்ல. ஒருநாள் காத்து வந்து நம்மட சீலையத் தூக்கினதாம், மறுகா நான் எட்டிப் பாத்தனாம். அம்மாதான் சொன்னவ."

காற்று. மகளுக்குப் படிப்பிக்கப் போகிறவன் மேல் அந்த மகளுக்கு மரியாதை குறையக்கூடாது என்று பொன்னம்மை கண்டுபிடித்த பொய் அது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை இனியும் போர்த்திக்கொண்டிருக்க எனக்கு உரிமையில்லை. எழுதவேண்டாம் என்று நீ கேட்டதை மீறித்தான் இதை எழுதுகிறேன், வள்ளி. உன் அம்மாவை நீ வெட்கப்படுத்தவில்லை. அன்றைக்குக் காற்றே அடிக்கவில்லை, பிள்ளை. சீலையைத் தூக்கினது நான். நீ திரைக்குக் கிட்டப் போய் நின்று கும்பிடு.