விளக்க வரிகளில் அவள் எழுதியவை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனையூரில் எங்கள் சின்ன அலுவலகம் முழுக்க அது பிரசித்தம்.

ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடும் செயலி செய்கிறோம். வெளிநிறுவனங்கள் அதனோடு இணைய, எதை எப்படிக் கேட்பது என்று சொல்லும் ஏபிஐ ஆவணம் வேண்டும். எழுதச் சோம்பல்பட்டு, செயலியின் வரையறைக் கோப்பிலிருந்து ஆவணத்தைத் தானே தயாரித்துவிடும் நிரல் ஒன்றை எழுதினேன்.

என்னோடு வேலை பார்த்த பெண் வளைகாப்பு முடிந்து வாடிப்பட்டிக்கு, தாய் வீட்டுக்குக் கிளம்ப இருந்தாள். முதலாளி வேறு ஆள் தேடுவது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"திரும்பி வந்தா எனக்கு எடம் இருக்குமாண்ணே?"

"ஆவணத்த மெஷினே எழுதுது. இனி யாரு இருந்தா என்ன, போனா என்ன?" என்றேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. அவள் தன் கணினிக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் ஊருக்குப் போன மறுவாரம் நிரலை ஓட்டினேன். வந்த ஆவணத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் சென்னை நிறுவனத்துக்கு அனுப்பினேன். நாலு நாள் கழித்து முதலாளி கூப்பிட்டு அதைக் காட்டினார்.

வரையறைக் கோப்பில், செயலியிடம் கேட்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் விளக்கம் என்று ஒரு வரி உண்டு; நிரல் அதை அப்படியே ஆவணத்தில் எடுத்துப் போடும். அவை காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தான் இல்லாதபோது நான் திண்டாடக் கூடாதென்று அத்தனையிலும் அவள் எனக்கு எழுதி வைத்திருக்கிறாள்.

"அண்ணே, பேஷண்ட் நம்பர் இல்லாம கேட்டா இது ஒண்ணும் தராது. கத்தாம நம்பரப் பாருங்க."

"டாக்டர் லீவுன்னா இது காலியாத்தான் வரும். பதறாதீங்க, டீ குடிச்சிட்டு வாங்க."

"இம்புட்டு வெளையாட்டா? அந்தப் புள்ள இனி வேணாம்," என்றார் முதலாளி. அவர் பேசி முடிப்பதற்குள் சென்னையிலிருந்து போன் வந்தது.

"சார், ஒரு சந்தேகமும் கேக்காம நாங்க வேலைய முடிச்சது இந்த டாக்குமெண்ட்லதான். எங்க வேலைக்கு இனிமே இத எழுதினவங்களே வேணும்."

முதலாளி வேறு ஆள் தேடுவதை விட்டார். நான் என் இடத்துக்கு வந்து ஆவணத்தைக் கடைசிவரை படித்தேன்.

"நான் வராட்டி, எனக்குப் பதிலா வர்ற புள்ளையத் திட்டாதீங்கண்ணே. பாத்ரூம்ல போயி அழுதுட்டு வர நேரமாகும்."

இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது. வாடிப்பட்டிக்குப் போன் போட்டேன்.

"எடம் இருக்குத்தா. நல்லபடியாப் பெத்துப் பொழச்சு வா."

"வாரேண்ணே," என்றாள். பிறகு தயங்கி, "அந்தக் கடைசி வரிய எடுத்துட்டீங்களா?"

"எடுக்கல. அத நான் தெனமும் படிக்கணும்."