காந்திமதி சிஸ்டர் சொன்ன சங்க வரலாறு

காந்திமதி சிஸ்டர் கையில் மைக் கிடைத்துவிட்டால் பின்வரிசைக்காரர்கள் மெல்லச் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். வருஷா வருஷம் மே மாதம் செவிலியர் தினத்தன்று அதே பேச்சுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் வடக்கே தலைமை நர்ஸ்களான மேட்ரன்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். அதில் மேட்ரன்களுக்கு மட்டும்தான் இடம், சாதாரண நர்ஸ் வாசலில் நிற்க வேண்டியதுதான். சில வருஷம் கழித்துத்தான் படித்துப் பயிற்சி எடுத்த நர்ஸ்கள் எல்லோருக்கும் கதவு திறந்தது. இந்த இடம் வந்ததும் சிஸ்டருக்குக் குரல் தழுதழுக்கும். "அந்தக் கதவு மட்டும் திறக்கலைன்னா நாம எல்லாம் இன்னிக்கு எங்கே?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நடிப்பெல்லாம் இல்லை. நிஜமாகவே அவளுக்கு அழுகை வந்துவிடும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தவள். சங்கத்தின் நெய்வேலிக் கிளைக்கு வெகுகாலமாக அவள்தான் செயலாளர். நைட் ஷிப்ட் முடித்து வந்து, குளிக்காமல் கொள்ளாமல் சங்க வேலைக்கு அலைவாள். தங்கமான மனுஷி. ஆனால் எதுவானாலும் செயற்குழு கூட வேண்டும், ஆள் சேர வேண்டும், தீர்மானம் போட வேண்டும். குறுக்குவழி என்றால் எரிந்து விழுவாள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கிளையில் இருந்தவர்கள் எல்லோரும் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பெர்மனென்ட் வேலை பார்த்தவர்கள். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களைச் சேர்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துப் பதினாலு பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அவள் குவார்ட்டர்ஸ் வாசலில் இசைப்பிரியா வந்து நின்றாள். டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர் வளையமாதேவி. நிலங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகப் போக வயல் கூலியும் குறைந்து, அம்மா ஆதிலட்சுமி பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைத்துப் படிக்க வைத்த பெண். சவுதியில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். ஜூன் மாதம் சென்னையில் மெடிக்கல் பரிசோதனை. ரத்தத்தில் கிருமி என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் அந்த வேலையைத்தான் நம்பிக் கிடந்தார்கள்.

"நேத்து ஊசிக்கு மூடி போடறப்ப வெரல்ல குத்திகிச்சி சிஸ்டர்," என்றாள்.

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டக் கூடாது என்று முதல் வருஷமே தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார்கள். ஊசியைக் கழித்துப் போடப் பெட்டி இருந்தால்தானே? அந்த ஆஸ்பத்திரியில் பெட்டியே வாங்கவில்லை. குப்பை அள்ளுகிற அம்மா கையில் குத்திவிடுமே என்று இவள் மூடி மாட்டியிருக்கிறாள்.

"பேஷண்டுக்கு என்ன?"

"ஹெப்படைட்டிஸ் பி. இன்னிக்கித்தான் ரிப்போர்ட்டு வந்துச்சி."

"நீ தடுப்பூசி போட்டிருக்கியா?"

"எங்களுக்கு யாருங்க போடறாங்க?"

கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடுகிற கிருமி அது. குத்திய அன்றைக்கே, தள்ளிப்போனால் ஒரு வாரத்துக்குள்ளாவது போட வேண்டிய ஊசி ஒன்று இருக்கிறது. புதுச்சேரியில் கிடைக்கும். இசைப்பிரியாவின் சம்பளம் அதற்குப் போதாது. ஆஸ்பத்திரி முதலாளியோ, "உன்ன மூடி போடச் சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டார்.

கிளையின் பொருளாளர் உமாராணியும் அப்போது அங்கே இருந்தாள். "சங்கப் பணத்துல நாமளே வாங்கிப் போட்டுடலாம் சிஸ்டர். சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்."

"கூடாது," என்றாள் காந்திமதி. "இன்னிக்கு நாம போட்டுட்டா நாளைக்கு எந்த ஆஸ்பத்திரியும் போடாது. அவங்கதான் போடணும். ஞாயித்துக்கிழமை செயற்குழு இருக்கு. முதல்ல இவளை மெம்பராக்குவோம், அப்புறம் சங்கத்து லெட்டர் போகட்டும். எப்படிப் போடாம இருக்காங்கன்னு பாக்குறேன்."

இந்தப் பேச்சில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. "நீங்க சொன்னா சரிதாங்க சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பஸ்ஸுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. ஒருத்திக்கு ஷிப்ட் மாறிவிட்டது. இரண்டு பேர் வடலூரில் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு என்று ஒத்திவைத்தார்கள். உமாராணி சிஸ்டர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கணக்கு நோட்டை மூடினாள்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். ஏகமனதாகத் தீர்மானம், லெட்டரும் போனது. தேசியச் சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளைக் கண்டதும் முதலாளி ஆடிப்போய்விட்டார். ஊசி வந்தது, பெட்டி வந்தது, அங்கே இருந்த நர்ஸ்கள் எல்லோருக்கும் தடுப்பூசி கூடப் போட்டார்கள். காந்திமதி லட்டு வாங்கி வார்டு வார்டாகக் கொடுத்தாள். இசைப்பிரியாவுக்கு அந்த ஊசி ஏறியபோது, குத்தி இரண்டு வாரம் தாண்டியிருந்தது. லட்டு தின்றவர்கள் யாரும் அதைப் பேசவில்லை.

காந்திமதிக்குத் தெரியும். நர்ஸ் அல்லவா, தெரியாமல் இருக்குமா? ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில் அந்தப் பெண்ணின் நினைப்பு வந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போன் போடுவாள்.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர், சோறுதான் எறங்க மாட்டேங்குது. வெயிலு."

"ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?"

"மெடிக்கல்ல எப்படியும் எடுப்பாங்க இல்ல? முன்னாடியே தெரிஞ்சிக்கினு என்னா பண்ணப் போறேன்?"

வெயிலில் அலையாதே என்று சொல்லிவிட்டுக் காந்திமதி போனை வைத்தாள்.

செவிலியர் தினம் வந்தது. சங்க வரலாற்றில் அந்த வருஷம் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்ந்தது. நம் கிளையும் கதவைத் திறந்துவிட்டது என்று பேசினாள் சிஸ்டர். பின்வரிசையில் யாரும் செருப்பைத் தேடவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுத்தார்கள். காந்திமதியே தன் சுடரிலிருந்து இசைப்பிரியாவுக்குப் பற்ற வைத்தாள். அப்போதுதான் அந்தக் கண்களைக் கிட்டத்தில் பார்த்தாள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் யார் கண்ணும் மஞ்சளாகத்தான் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உறுதிமொழி முடிந்ததும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு, அங்கிருந்து வெயிலுக்கே இழுத்துக்கொண்டு போனாள். கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள்.

"ஏ புள்ள, ஒண்ணுக்கு என்ன நெறத்துல போகுது?"

இசைப்பிரியா இமையிலிருந்து அந்தக் கையை விலக்கினாள். அவளும் நர்ஸ்தான், அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டவள். உள்ளே உமாராணி புது உறுப்பினருக்குச் சால்வை போட மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள்.

"கூப்புடறாங்க சிஸ்டர்," என்றாள் இசைப்பிரியா. "நான் போவட்டுங்களா?"