தாராவியிலிருந்து மாலிக் அம்பர் சமாதிக்கு, தனியாக

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வரலாறு எம்.ஏ. முடித்ததும் ஹைதராபாத்தில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது; ஜனவரி ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஆனால் ஒரு இரவுகூட வீட்டை விட்டுத் தனியாக இருந்ததில்லை. அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். "ஏட்டி, ஒத்தையில ஒரு ராத்திரி எங்கயாச்சும் இருந்துட்டு வா. முடிஞ்சா சேர்ற பாரத்துல கையெழுத்துப் போடு. முடியலன்னா பேசாம இங்கனயே கெட."

அப்படித்தான் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை குல்தாபாத் கிளம்பினேன். என் ஆராய்ச்சிக்குரிய, நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய தளபதி மாலிக் அம்பர் அடக்கமாகியிருப்பது அங்கேதான்.

தாதரில் காலை 6.25க்கு ரயில். ஔரங்காபாத்துக்கு ஏழு மணி நேரம். நான் முன்பதிவு செய்த 45ஆம் எண் ஜன்னல் சீட்டில் ஒரு அம்மா டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோக்கல் ரயிலில் போய் வருபவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவார் என்று கேட்டு வைத்தால், அவர் எழுந்ததும் அந்த இடம் நமக்கு. அந்நியரிடம் கூச்சமில்லாமல் எனக்குக் கேட்க வருவது அது ஒன்றுதான். அதையே கேட்டேன்.

"ஆண்ட்டி, கிதர் உத்ரேகா?"

"மன்மாட்."

சரியென்று நின்றேன். கல்யாண், இகத்புரி, நாசிக். மூன்றேகால் மணி நேரம், கையில் என் டிக்கெட்டோடு. கடைசியில் டிக்கெட் பரிசோதகர்தான் கேட்டார், "நாப்பத்தஞ்சு உன்னோடதுதானே? யாருக்குக் காவல் நிக்கிறே?"

"அரே பேட்டி! உன் சீட்டுக்கு நீயே லைன் போட்டியா?" அந்த அம்மா பெட்டி அதிரச் சிரித்தார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து பாதி பராத்தாவை நீட்டினார். பசித்தது. வேண்டாமென்று தலையாட்டினேன்.

ஔரங்காபாத் பேருந்து நிலையத்திலிருந்து குல்தாபாத் 25 கிலோமீட்டர். மாநிலப் பேருந்தில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். இறங்கி இருபது நிமிடம் நடந்தால் சமாதி. கருங்கல், ஒரு குவிமாடம், ஆடுகள். வேறு யாரும் இல்லை.

மாலிக் அம்பர் எத்தியோப்பியாவில் பிறந்தவர். வறுமையில் பெற்றோரே விற்றதாகச் சொல்வார்கள். கைமாறிக் கைமாறி பாக்தாத்துக்குப் போனார். அங்கே ஒரு எஜமானர் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு தக்காணத்தில் ஓர் அமைச்சர் வாங்கினார். அந்த அமைச்சரும் ஒரு காலத்தில் அடிமைதான். அவர் இறந்ததும் அம்பருக்கு விடுதலை. சில குதிரை வீரர்களோடு தொடங்கி ஒரு படையே திரட்டினார். நிஜாம்ஷாஹி அரச குடும்பத்து இளவரசன் ஒருவனை அரியணையில் உட்கார வைத்து, தன் மகளையும் அவனுக்குக் கட்டிக்கொடுத்து, பக்கத்தில் நின்றபடி ராஜ்ஜியத்தை ஆண்டார். பிறந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

படியில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டேன். எங்கே இறங்குகிறாய் என்று அந்தச் சிறுவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னிடம் என் அம்மா, போகிறாயா இருக்கிறாயா என்றாவது கேட்டிருக்கிறாள்.

மாலை ஆறு மணிக்கு ஔரங்காபாத் லாட்ஜில், "கூட யாரு?" என்றார் மேலாளர். "நான் மட்டும்" என்றேன். சத்தமே வரவில்லை, இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அறை 900 ரூபாய். ஓட்டலுக்குள் தனியாகப் போகத் தயங்கி, பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர் மூச்சுவிடும் சத்தத்தில் தூங்கிப் பழகியவள். அன்று மின்விசிறி சத்தம் மட்டும். அழுதேன். ஆனால் விடிந்தது.

திரும்பும் ரயிலில் என் சீட்டில் ஒருவர் இருந்தார். "யே மேரா சீட் ஹை" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுந்து போனார். அவ்வளவுதான் விஷயம்.

போகிறவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் அவசியம். பெண்கள் தனியாகப் போனால் லாட்ஜுக்கு முன்னாலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பராத்தா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து, நாங்கள் படுக்கும் பரணுக்கு ஏணியில் ஏறினேன். ஜன்னலோரம் என் மூலையில் தங்கச்சி தன் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை அடுக்கியிருந்தாள்.

"யக்கா, நீ எப்ப எறங்குவ?"

இது என் இடம் என்று சொல்லக் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தேன். சொல்லவில்லை.

"ஒண்ணாம் தேதி" என்றேன்.