அப்பா தினமும் விசாரித்த தர்பூசணி

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அவரோடு வேலை பார்த்த பெரியவர்களுக்கும் என் வணக்கம். ஒரே மகள் என்பதால் இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று என் கணவர் சொன்னார். அப்படித்தான் தொடங்குகிறேன், முடிவு வேறாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா எருமப்பட்டியை அடுத்த மானாவாரிக் காட்டில் பிறந்தவர். மழை பொய்த்து நிலம் கைவிட்டுப் போனதும், இளம் வயதிலேயே சேலத்துக்கு வந்து ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஆனார். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மா காலமானார். மறுமணம் பேச வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். பள்ளியிறுதி வரை படிக்க வைத்தார்.

சூரமங்கலம் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் கொஞ்சம் மண் இருந்தது. வேலியில் பாகலும் பீர்க்கும், தரையில் பூசணியும் தர்பூசணியும் படரவிட்டார். "உட்டா எஞ்சினுக்கே பந்தல் போட்டுப் பீர்க்கங்கொடிய ஏத்திருவாருங்க" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். முதல் தர்பூசணி வெட்டும் நாளில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டாவது போகும்.

போன வருடம் தலைப்பிரசவத்துக்கு நான் வந்திருந்தேன். குழந்தை பிறந்த இருபதாம் நாள் அப்பா மார்வலியால் விழுந்தார். ரயில்வே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று கொடி வாடுகிறதே என்று நானே தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டார்.

"ஏன் அம்மிணி, தீட்டோட கொடிக்கிட்டப் போனயா? இனிப் பிஞ்சு எப்படி நிக்கும்?"

படித்தவள் என்று சிரித்துவிட்டேன். அடுத்த வாரமே ஒவ்வொரு பிஞ்சாக மஞ்சளாகி உதிர்ந்தது. ஒன்றுகூட நிற்கவில்லை. கொடிக்கு வந்த கேடு என்னால் அப்பாவுக்கும் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

மதியம் சாப்பாடு கொண்டு போனால் அப்பாவின் முதல் கேள்வி, "காய் எத்தச்சோடு ஆச்சு சாமி?" உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. முதலில் எலுமிச்சை அளவு என்றேன். பிறகு தேங்காய் அளவு. கடைசி வாரம் இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினேன். அப்பா சிரித்தார்.

"அத்தாப்பெருசா? நீ தூக்கீராதே சாமி, பச்ச ஒடம்பு."

மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்தபின் பக்கத்து வீட்டுப் பெரியப்பா, அப்பாவோடு பல வருடம் வேலை பார்த்தவர், காய்ந்த கொடிகளை அப்புறப்படுத்த வந்தார். தீட்டோடு தண்ணீர் ஊற்றியதை அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"உங்க பெரியம்மா பேச்சக் கேட்டயாக்கும்! இந்த எஞ்சின் பொகையில தேனீ எங்க அம்மிணி வருது? உங்கப்பாதான் தெனமும் பொழுது கெளம்பறப்ப ஆண்பூவப் பறிச்சுப் பெண்பூவுல தடவி உடுவாரு. தடவாட்டி ஒரு பிஞ்சு நிக்காது."

"அது அப்பாவுக்குத் தெரியுமில்லீங்க பெரியப்பா?"

"தெரியாமயா? நான் போய்த் தடவி உடட்டுமான்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். 'வேண்டாமுங்க, ஊட்டுக்குள்ள பூந்துதான் பின்னால போவோணும். கொழந்தை அழுது ஓஞ்சு, அந்நேரந்தான் அவ கண்ணசர்றா. தட்டி எழுப்பீராதீங்க, காய் போனாப் போகுது'ன்னுட்டாரு."

ஒரு காயும் இல்லை என்று தெரிந்தேதான் அப்பா தினமும் கேட்டிருக்கிறார். நான் உண்மையைச் சொல்வதற்கு இடம் கொடுத்தாரா, என்னைப் பேசவைத்துக் கேட்டுக்கொண்டிருக்க விரும்பினாரா என்று இன்றும் யோசிக்கிறேன். பொய் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பும் எனக்கு இல்லை.

இரவு பகல் பாராமல் அப்பாவைக் கவனித்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், எருமப்பட்டியிலிருந்து வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், என் குழந்தையைத் தன் மடியிலேயே வைத்திருந்த பெரியம்மாவுக்கும் நன்றி. பெரியப்பா அன்று பேசாமல் கொடியை மட்டும் அறுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று சில காலைகளில், குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, நினைப்பதுண்டு. ஆனாலும் சொன்னாரே, அவருக்கும் நன்றி.