அணையின் நடுத்துளை

செண்பகத்தோப்பு அடிவாரத்தில், எங்கள் தென்னந்தோப்புக்கு மேலே, ஓடையை மறித்து முப்பாட்டனார் கட்டிய அணை ஒன்று இருந்தது. கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து எழுப்பிய சுவர். உயரம் பதினெட்டு அடி. சொந்த அணை என்பதால் அதைப் பார்வையிட அதிகாரி எவரும் வரமாட்டார். பெரியப்பாதான் பார்த்துக்கொண்டார்.

சுவருக்குள் ஊறும் நீர் வெளியேற அடியில் மூன்று துளைகள் விட்டிருந்தார்கள். அணை நிறைந்த பிறகு, சனிக்கிழமைதோறும் நடுத்துளையின் கீழே ஒரு பித்தளைச் சொம்பை வைத்து, அது நிறையும்வரை எண்ண வேண்டும். எண்ணிக்கையைப் பெரியப்பா நோட்டில் குறித்துக்கொள்வார். எண்ணும் வேலை சித்தப்பா மகளுக்குக் கிடைத்தது.

அவள் என்னைவிட ஐந்து மாதம் இளையவள். வாய்ப்பாட்டில் எனக்குப் பின்னால்தான் இருந்தாள். ஆனாலும் தோப்புக்குக் கிளம்பும்போதெல்லாம், "ஏட்டி, சொம்ப எடுத்துக்கிட்டியா?" என்று பெரியப்பா அவளைத்தான் கேட்பார். ஒருநாள் நான் ஏன் எண்ணக் கூடாது என்று கேட்டே விட்டேன்.

"நீ வேகமா எண்ணுத. இங்க என்ன பந்தயமா நடக்கு?" என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஒரு வாரம் கழிந்தது.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் சுவரடிக்குப் போனேன். களிமண்ணை உருட்டி நடுத்துளைக்குள் வைத்து, குச்சியால் முழங்கை ஆழத்துக்குத் தள்ளினேன். ஒழுக்கு மெலிந்தது. சொம்பு நிறைய நேரமாகும். அவள் தப்பாக எண்ணுகிறாள் என்று வேலையை என்னிடம் கொடுத்துவிடுவார்கள்.

வழக்கமாக நாற்பதில் நிறையும் சொம்புக்கு அன்று நூற்றுப் பன்னிரண்டு ஆனது.

"நடுவுல தூங்கிட்டியாட்டி?" என்றார் சித்தப்பா.

"மறுபடி எண்ணு தாயி," என்றார் பெரியப்பா. நூற்றுப் பதின்மூன்று.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "இவ எண்ணுனா சரியாத்தான் இருக்கும். தண்ணி வெளிய வராம செவத்துக்குள்ள நிக்கி. செவத்தத் தள்ளிரும்," என்றவர், தோப்பில் குடியிருந்த ஆறு வீட்டாரையும் மேட்டுக்கு அனுப்பச் சொல்லிச் சித்தப்பாவை விரட்டினார். தானே மேலே ஏறி மதகின் ஷட்டரைத் திறந்தார். பங்குனிவரை தென்னைக்குப் பாய வேண்டிய தண்ணீர் ஓடையில் இரைந்துகொண்டு போனது.

அப்போதும் என் மனதில் ஒன்றுதான் ஓடியது: அவள் சொன்னால் மட்டும் எப்படி நம்பிவிடுகிறார்? கீழே ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"நான்தான் பெரியப்பா. ஓட்டையில மண்ணு வச்சேன்."

சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. "எந்த ஓட்டையில?"

இறங்கி வந்து கம்பியால் குத்தினார். நீர் கலங்கலாகப் பீறிட்டது. அது தெளியும்வரை பார்த்துவிட்டு ஷட்டரை மூடியபோது பாதி அணை காலி. என்னை அடிக்கவில்லை.

மறுவாரம் சொம்பை என் கையில் கொடுத்தார். "கையில சொம்பு இருந்தா மண்ணு இருக்காதுல," என்று சித்தப்பாவிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் பொருட்படுத்தவில்லை. ஜெயித்தவள் நான். அணையில் நீர் குறைந்திருந்ததால் ஒழுக்கும் குறைந்திருந்தது. நிதானமாக எண்ணி, "அறுபத்தொண்ணு," என்றேன்.

பெரியப்பா பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. தள்ளி நின்ற சித்தப்பா மகளைப் பார்த்தார். நான் எண்ணிய நேரமெல்லாம் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் லேசாகத் தலையாட்டினாள். பிறகு எழுதினார்.

பாவம், பொறாமையில் முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.