அம்மாவின் மூட்டு, மகளின் விரல்

போன வாரம் டெல்லி ஜனக்புரியிலிருந்து மெட்ரோ பிடித்து, மனைவியோடும் மகளோடும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்களில் ஒருவர்தான் நோயாளி என்று நினைத்துத்தான் போனோம்...

மனைவி லலிதாவுக்குப் பல வருஷமாக முடக்குவாதம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். குளிர்காலக் காலையில் காபி டம்ளரைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். மகள் நித்யா பல் டாக்டர். லீவு போட்டுத் துணைக்கு வந்தாள்.

செக்கப் முடிந்ததும் டாக்டரம்மா — பொறுமையான பஞ்சாபிப் பெண்மணி — ஓர் ஆராய்ச்சிக்கு ரத்தம் தர முடியுமா என்று இந்தியில் கேட்டார். விளக்கவும் செய்தார்.

உடம்பில் ஒரு செல்லின் வேலை முடிந்தால் அது செத்துப்போக உத்தரவு உண்டாம். இந்த நோயில் மூட்டுக்குள் சில செல்கள் அதைக் கேட்பதில்லை. சாகாமல் தங்கி, வீக்கத்தை வளர்க்கின்றன. அந்த உத்தரவைத் தரும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். எந்த மாற்றம் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று தேடுகிறார்கள்.

சாக வேண்டியது சாகாததால் ஒரு வியாதி! கேட்கவே என்னவோ போலிருந்தது.

"அப்ப எங்கிட்டேருந்து இவளுக்கும் போகுமா?" என்றாள் லலிதா.

"ஜீன் போகலாம் ஆன்டிஜி. அதனால நோய் வந்தே தீரும்னு இல்லை."

ஒப்பிட்டுப் பார்க்க, அதே குடும்பத்தில் நோய் இல்லாத ஒருவரும் வேண்டுமாம். நித்யாவைப் பார்த்தார். "உங்களுக்கு மூட்டு வலி, காலையில் விறைப்பு... ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நித்யா துப்பட்டாவுக்குள் கைகளை இழுத்துக்கொண்டாள்.

"ஹை," என்றாள் மெதுவாக. இருக்கிறது.

தீபாவளி சமயத்தில் ஆரம்பித்ததாம். "வெந்நீர்ல கொஞ்ச நேரம் கைய வச்சுட்டுதான்ப்பா க்ளவுஸ் போடறேன். இல்லேன்னா ட்ரில் நழுவுது."

"எங்கிட்ட ஏன்டி சொல்லலை?" என்று அழுதாள் லலிதா.

"சொன்னா நீ இப்படி அழுவேன்னுதான்."

ஆராய்ச்சிக்கு எடுக்க இருந்த ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். நேற்று ரிசல்ட் வந்தது. அதே நோய். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், மருந்து கேட்கும் என்கிறார் டாக்டரம்மா. நம்புகிறேன். வேறென்ன செய்ய? ஆனால் நித்யா பெரிய சிகிச்சைகளைப் பல் டாக்டரான தோழிக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். பல்லைச் சுத்தம் செய்வதோடு சரி.

வீட்டில் லலிதா ஒரே பல்லவி. "என்னாலதான்... நான் குடுத்ததுதான்."

"நீ வேணும்னேவா குடுத்தே? சோடோ மா, விட்டுடு, ப்ளீஸ்!" என்று கத்தினாள் நித்யா. கத்திவிட்டு அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கோணிப்போன விரல்களால் லலிதா மகளின் விரல்களை நீவிவிட்டாள். யாருக்கு அதிகம் வலித்ததோ தெரியவில்லை.

குழந்தை பிறந்ததும் மூக்கு என் பக்கம், கண் உன் பக்கம் என்று உரிமை கொண்டாடுகிறோம். வியாதிக்கு யாராவது போட்டி போடுகிறோமா?

நேற்று நான் போட்டேன். "சும்மா இரு லலிதா. எங்க அத்தைக்கும் இதே மூட்டுவலி இருந்தது. என் பக்கத்துலேருந்துதான் வந்திருக்கும்," என்றேன். அவள் அழுகையை நிறுத்தி என்னையே பார்த்தாள்.

எனக்கு அத்தையே கிடையாது.